ஐந்தில் மூன்று உடையப்பன்

அபுதாபி பக்கத்து முசஃபாவில் தகரம் வெட்டிக்கொண்டிருந்த உடையப்பனிடம் ஃபோர்மேன் சாகிர் வந்து, "பாய், முதலாளி கூப்பிடுறாரு, ஜல்தி" என்றபோது, அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆபீசுக்கு ஓடினான். பாஸ்போர்ட்டைக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் தப்பில்லை. லீவு கேட்டுக் கேட்டு நாக்கு உலர்ந்துபோயிருந்தது. ஊரில் அவன் மனைவி நாகஜோதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மதுரை டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் அவள் அதைத் தள்ளிவைத்தாள். மறுபடி குறித்தார், மறுபடி தள்ளிவைத்தாள். "நீங்க பக்கத்துல வந்து நிக்காம நான் அந்த மேசையில ஏறிப் படுக்க மாட்டேன்" என்பது அவள் கட்சி. காளையார்கோவில் பக்கத்துப் பிடிவாதம். மூன்றாவது நாளும் குறித்தாயிற்று. இதற்குமேல் தள்ளினால் தமக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

முதலாளி கல்யாணசுந்தரம் ஏசிக் காற்று போகும் தகர டக்ட் செய்து மாட்டும் கம்பெனி நடத்துகிறவர். தொழிலாளர் கேம்பில் அவருடைய ஆட்களே இரண்டு பஸ் நிறைய இருந்தார்கள். அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டும் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியில் இருந்தது.

"வா உடையப்பா. உக்காரு" என்றார்.

உடையப்பன் உட்காரவில்லை. அந்தக் கம்பெனியில் ஒரு தொழிலாளியை உட்காரச் சொன்னால் ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம்.

"யாருக்குய்யா என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உன்னை அரசியல் சாசனக் குழுவுல போட்டிருக்கோம்."

விஷயம் இதுதான். வளைகுடாத் தமிழர் பேரவை என்று ஒன்றைக் கல்யாணசுந்தரமும் சில பெரிய மனிதர்களும் தொடங்கியிருந்தார்கள். அவர்தான் தலைவர். பொங்கலுக்குக் கரும்பு கட்டுவது, பட்டிமன்றம் வைப்பது என்று அது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் நடக்கும் உலகத் தமிழர் மாநாட்டில் மேடையில் உட்கார வேண்டுமென்றால் பேரவைக்கு எழுத்தில் ஒரு சாசனம் வேண்டும் என்று அதை நடத்தும் உலக ஒன்றியம் சொல்லிவிட்டது. சாசனம் எழுதும் குழுவில் ஒரு தொழிலாளியும் ஒரு பெண்ணும் இருந்தே ஆக வேண்டுமாம். பெண்ணுக்கு ஒரு நர்ஸைப் பிடித்துவிட்டார்கள். தொழிலாளியைத் தேடிப் பொங்கல் போட்டோக்களைப் புரட்டியதில், கரும்புக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்ற உடையப்பன் அகப்பட்டான். "அசல் உழைப்பாளி மாதிரியே இருக்கான்" என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

"அய்யா, எனக்கு அதெல்லாம் பேச வராதுங்கய்யா."

"பேசச் சொல்லி உன்னைப் போடலை. இருந்தா போதும்."

"என் லீவு…"

"சாசனம் முடியட்டும்டா. ஒரு தேசம் பிறக்கப்போகுது. நீ லீவு லீவுங்கிறே."

தேசம் சீக்கிரம் பிறந்துவிட்டால் தானும் சீக்கிரம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உடையப்பன் தலையாட்டினான்.

குழு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடியது. கௌஸ் முகைதீன் என்கிற ஓட்டல் முதலாளியின் கடைக்கு மாடியில் ஒரு விருந்து ஹால் உண்டு. முதல் கூட்டத்தன்று, முந்தின நாள் யாருடைய பிள்ளைக்கோ நடந்த பிறந்தநாளின் பலூன்கள் சுவரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அதன் கீழே ஸ்தாபகத் தந்தையர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். கடைசி நாற்காலி உடையப்பனுக்கு. பக்கத்தில் நர்ஸ் அற்புதராணி. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. இரவு டியூட்டி பார்த்துவிட்டு நேராக வந்தவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் அருள்ராஜ் எழுந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை. தமிழில் பேசத் தொடங்கினால் எதிரில் இருக்கிறவர்களுக்குப் புல்லரிக்கும், அவருக்கும் புல்லரிக்கும். தாம் எழுதிய முகவுரையைப் படித்தார்.

"தமிழர் எல்லாரும் பிறப்பால் சமம். ஒருவர் வாழ்வு இன்னொருவர் கைப்பிடியில் இல்லை. எவரும் எவர்க்கும் அடிமை இல்லை. வானத்துப் பறவைக்கு வாசல் ஏது, பூட்டு ஏது!"

கல்யாணசுந்தரம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கௌஸ் முகைதீன் "மாஷா அல்லாஹ்" என்றார். உடையப்பன் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். இவ்வளவு நாளாக முதலாளியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும், பேசக் கூடாது என்பதை மறந்து எழுந்துவிட்டான்.

"ரொம்ப சந்தோசங்கய்யா. அப்ப என் பாஸ்போர்ட்ட நாளைக்கு வந்து வாங்கிக்கிறட்டுமா?"

கல்யாணசுந்தரம் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"என்ன பாஸ்போர்ட்?" என்றார் அருள்ராஜ்.

"பெட்டியில இருக்குதுல்லங்கய்யா, அது. ஒருத்தரு கைப்பிடியில ஒருத்தரு இல்லன்னு இப்பத்தான படிச்சீக."

"அது முகவுரை, தம்பி" என்றார் அருள்ராஜ், குழந்தைக்குச் சொல்வதுபோல. "முகவுரை என்பது உணர்வு. பிரிவுகள் பின்னால்தான் வரும்."

தூக்கக் கலக்கத்தில் இருந்த அற்புதராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பம் அதையும் ஒரு பிரிவா எழுதுங்க சார். ஒரு ஆளுக்க பாஸ்போர்ட்ட இன்னொரு ஆளு வச்சிருக்கப்பிடாதுன்னு ஒரே ஒரு வரி. இந்த நாட்டுச் சட்டமே அதத்தான சொல்லுது."

"யாரும்மா வச்சிருக்கா?" கல்யாணசுந்தரத்தின் குரல் உடைந்தது. "நான் வச்சிருக்கலை. பாதுகாக்கிறேன். பிள்ளைங்க கேம்புல தொலைச்சுட்டா அதுங்களுக்குத்தானே கஷ்டம்? ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு மனசு வலிக்குது. அதனாலதான் நான் திறக்கிறதே இல்லை."

அத்தோடு அன்றைய கூட்டம் முடிந்து பிரியாணி வந்தது. ஆனால் அற்புதராணி விடவில்லை. வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்கு 'உடையப்பன் பிரிவு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். உடையப்பனுக்கு அது பிடிக்கவில்லை. சின்னதாக ஒன்றைக் கேட்டால் பெரிதாக என்னவோ கிளம்பி வருகிறதே என்று பயந்தான். அன்று சாயங்காலம் நாகஜோதி போன் பண்ணினாள்.

"லீவு குடுத்துட்டாகளா?"

"என் பேர்ல சட்டம் எழுதுறாக."

"சட்டத்த எழுதி நாக்குல தடவிக்கங்க. வாறீகளா, இல்லியா?"

அடுத்த கூட்டத்தில் உடையப்பன் பிரிவுதான் முதல் பொருள். கௌஸ் முகைதீன் எழுந்தார். நல்ல மனிதர், நோன்பு மாதத்தில் தெருவுக்கே கஞ்சி ஊற்றுவார்.

"பாஸ்போர்ட்ட வச்சிருக்கிறது எனக்குப் பிடிச்சா செய்றேன்? அல்லாவுக்குத் தெரியும். ஆனா என் பரோட்டா மாஸ்டர் கையில பாஸ்போர்ட்டக் குடுத்துப் பாருங்க. மறுநாளு எதிர்த்த கடையில கல்லு முன்னால நிப்பான். பரோட்டா போச்சுன்னா கடை போச்சு. கடை போச்சுன்னா இந்த மாடி ஹாலு போச்சு. ஹாலு போச்சுன்னா பேரவைய எங்க வச்சு நடத்துவீங்க? பார்க்கிங்லயா? ஆக, தமிழரோட ஒத்துமையே அந்த மாஸ்டரோட பாஸ்போர்ட்டுலதான் இருக்கு."

ஆழ்ந்த கருத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கல்யாணசுந்தரம் சுருக்கமாகச் சொன்னார். "அந்தப் பிரிவு இருந்தா நான் இல்லை. எங்க ஆளுங்களோட பஸ்ஸும் இல்லை. விழாவுக்குக் கூட்டத்தை வேற எங்கயாவது பாத்துக்கங்க."

அருள்ராஜ் இருவரையும் கையமர்த்தினார்.

"நண்பர்களே, வரலாற்றைப் பாருங்கள். பெரிய பெரிய நாடுகளின் தந்தையர் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தபோது அடிமைமுறையை ஒழித்தார்களா? இல்லை. அது பாவம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அவர்களிலே பலர் அதை எதிர்த்துக் கண்ணீரோடு எழுதியவர்கள். பிறகு ஏன் ஒழிக்கவில்லை? ஒழித்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். நாடே பிறந்திருக்காது. முதலில் நாடு, பிறகு நீதி. அதுதான் ராஜதந்திரம்."

உடையப்பன் மெதுவாகக் கேட்டான். "நாடு பெறந்த பெறகு ஒழிச்சாகளாய்யா?"

"ஒழித்தார்கள்! சந்தேகமே இல்லாமல் ஒழித்தார்கள். எண்பது வருடத்துக்குள்ளேயே ஒழித்துவிட்டார்கள். நடுவில் ஒரு பெரிய யுத்தம் நடந்தது, அவ்வளவுதான்."

"எம் பொண்டாட்டிக்கு ஆபரேசன் அடுத்த மாசங்கய்யா."

அருள்ராஜ் அவனைப் பரிவோடு பார்த்தார். வரலாற்றை ஆபரேஷனோடு சேர்த்துப் பார்க்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பது?

அற்புதராணி குறுக்கிட்டாள். "சார், உங்க வீட்டுல வேலைக்கு நிக்கிய பிள்ளைக்க பாஸ்போர்ட்டு எங்க இருக்கு?"

"அவள் வேலைக்காரி இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார் அருள்ராஜ். "வீட்டுப் பிள்ளையின் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில்தானே இருக்கும்? என் மகனுடையதும் அதே அலமாரியில்தான் இருக்கிறது."

"அந்தப் பிள்ளை கேட்டா எடுத்துக் குடுப்பியளா?"

"என் மகனே கேட்டதில்லையே."

"அவனுக்கு என்ன வயசு?"

"எட்டு."

இந்தப் பதில் குறிப்பேட்டில் ஏறக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. உடையப்பன் பிரிவை யாரும் நிராகரிக்கவில்லை. கொள்கையளவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பேரவையின் வெள்ளிவிழா ஆண்டு வரை அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. தவிர, சாசனம் என்பது புனிதமான ஏடு. அதில் பாஸ்போர்ட், பெட்டி, பூட்டு என்கிற சொற்கள் வந்தால் வருங்காலத் தலைமுறை என்ன நினைக்கும்? வேறு சொல் தேட வேண்டும். அதற்காக ஒரு கூட்டம் முழுக்கச் செலவானது. 'ஒப்படைத்தோர்' என்றார் ஒருவர். அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. 'காப்பில் இருப்போர்' என்றார் இன்னொருவர். அது ஜெயில் மாதிரி இருந்தது. அருள்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து ஒரு சொல்லைப் பிடித்தார்.

"அன்பில் உள்ளோர்."

ஹால் அதிரக் கைதட்டல். அன்று முதல் பாஸ்போர்ட் பெட்டியில் உள்ளவர்கள் எல்லோரும் சாசனத்தில் அன்பில் உள்ளோர் ஆனார்கள். உடையப்பன் கேம்புக்குத் திரும்பி அறையில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னபோது, பக்கத்துக் கட்டில் கிளிட்டஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "கக்கூசுக்குத் தண்ணி வருதான்னு அந்த அன்புகிட்ட கேட்டுச் சொல்லு" என்றான்.

அதற்கு அடுத்த வாரம் எண்ணிக்கைத் தகராறு. ஒரு பேரவையில் எத்தனை உறுப்பினர்களோ அதற்குத் தக்கபடிதான் கோலாலம்பூர் மேடையில் நாற்காலி. கிடைக்கும் நாற்காலிகளை உள்ளே அவரவர் பக்கத்து உறுப்பினர் கணக்குப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். அது தெரிந்ததும் கல்யாணசுந்தரம், கேம்பில் இருக்கிறவர்கள் அத்தனை பேரையும் தம் பக்கத்து உறுப்பினர்களாக எண்ண வேண்டும் என்றார். ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் பக்கம் பேசுகிற அருள்ராஜுக்கு முகம் சிவந்தது.

"அவர்களுக்கு ஓட்டு உண்டா?"

"ஓட்டு எதுக்கு? அதுங்களுக்கு எங்க நேரம்?"

"ஓட்டு இல்லாதவனை எப்படி ஐயா ஆளாக எண்ணுவது?"

"பொங்கல் சாப்பிடுறான்ல? அப்ப அவன் ஆள் இல்லாம மாடா?"

"அன்றைக்கு உடைமை மாதிரிப் பேசினீர்கள். இன்றைக்கு ஆள் என்கிறீர்கள்!"

"நீங்க மட்டும்? அன்னிக்கு எல்லாரும் சமம்னு அழ வச்சீங்க. இன்னிக்கு எண்ணக்கூடக் கூடாதுங்கிறீங்க!"

இருவர் சொன்னதும் சரிதான் என்று உடையப்பனுக்குத் தோன்றியது. அதுதான் அவனுக்குக் குழப்பமாக இருந்தது. கருவாட்டுச் சந்தைபோலப் பேரம் நடந்தது. அருள்ராஜ் பாதி என்றார். கல்யாணசுந்தரம் முக்கால் என்றார். அருள்ராஜ் போன் கால்குலேட்டரைத் தட்டினார். கௌஸ் முகைதீன் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். அன்பில் உள்ளோர் ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணப்படுவார் என்று முடிவானது. அன்று அடிமைகளையும் இப்படித்தான் எண்ணினார்கள், இதற்கு உலக வரலாற்றில் முன்மாதிரி உண்டு என்று அருள்ராஜ் பெருமையோடு சொன்னார்.

உடையப்பன் தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "அய்யா, எந்தப் பக்கத்து மூணு?"

"அது பேப்பர்ல மட்டும்தான் வாப்பா" என்று கௌஸ் முகைதீன் அவன் தோளில் தட்டினார். "நீ முழுசாவே இருக்கலாம்."

ஆனால் பேப்பர் பேப்பரோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எல்லோர் தட்டிலும் ஐந்து பரோட்டா விழுந்தது. உடையப்பன் தட்டில் மூன்று. பரிமாறிய மூசாவை நிமிர்ந்து பார்த்தான். மூசாவும் அன்பில் உள்ளவன்தான். "கிச்சனுக்குத் தீர்மானத்த அனுப்பிட்டாங்கண்ணே" என்று முணுமுணுத்துவிட்டு, சால்னாக் கிண்ணத்துக்கு அடியில் இரண்டைச் செருகிவிட்டுப் போனான். அதைத் திருட்டுச் சாப்பாடு மாதிரி உடையப்பன் அவசர அவசரமாகத் தின்றான்.

அதற்குப் பிறகு அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலையில் தகரத்தைக் கோணலாக வெட்டினான். சாகிர் திட்டினான். ராத்திரி படுத்தால் கால் தானாக ஆடியது. நாகஜோதிக்கு உதிரம் நிற்கவில்லை என்று அவள் அண்ணன் போனில் சொன்னான். அவளோ, "ஒண்ணும் இல்ல, சும்மா இருக்கேன்" என்றாள். அவள் அப்படிச் சண்டை போடாமல் சொன்னதுதான் அவனைப் பயமுறுத்தியது. லீவு கேட்டு முதலாளி முன் மறுபடி போய் நின்றான். "சாசனம் கடைசிப் பிரிவுக்கு வந்தாச்சுடா, ஒரு வாரம் பொறுத்துக்கோ" என்றார் அவர்.

கடைசிப் பிரிவுக்கு 'அன்பு மீட்பு' என்று பெயர். ஓர் உறுப்பினரின் அன்பிலிருந்து நீங்கி இன்னொரு உறுப்பினரிடம் வேலைக்குச் சேர்ந்தவர், கேட்டவுடன் பழைய அன்பிலேயே திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். பரோட்டா மாஸ்டரை நினைத்துக் கௌஸ் முகைதீன் கொண்டுவந்தது. தொழிலாளர் நலன் சம்பந்தப்பட்டதாகையால் விழா மேடையில் இதைத் தொழிலாளர் பிரதிநிதியே வாசிப்பதுதான் பொருத்தம் என்றும் முடிவுசெய்தார்கள்.

அப்புறம் கையெழுத்துப் பேச்சு வந்தது. உலக ஒன்றியத்தின் விதிப்புத்தகத்தைக் கல்யாணசுந்தரம் சத்தமாகப் படித்தார். கையெழுத்திடுபவர் ஒவ்வொருவரும் ஒன்றியத்தின் தூதர் முன்னால் தம் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "உடையப்பனுக்கு ஜெராக்ஸ் போதும்" என்றார்.

"அப்பம் எனக்கும் ஜெராக்ஸ் போதும்" என்றாள் அற்புதராணி. "தலைவருக்கும் ஜெராக்ஸ் போதும். கோலாலம்பூர்ல இருந்து வாற ஆளு, சாசனத்துல கையெழுத்துப் போட்டவனுக்க கையிலயே பாஸ்போர்ட்டு இல்லியான்னு கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க. எனக்கென்ன."

கல்யாணசுந்தரம் யோசித்தார். அருள்ராஜ் அவர் காதில், "தொழிலாளி பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு வீடியோ… உலகமே பார்க்கும்" என்றார். உலகம் பார்க்கும் என்றதும் கல்யாணசுந்தரத்துக்கு மனசு இளகிவிட்டது.

கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் பஸ்ஸுக்காக நின்ற உடையப்பனிடம் அற்புதராணி வந்தாள்.

"அண்ணே, விழா அன்னைக்குச் சாயங்காலம் திருச்சிக்கு ஒரு பிளைட்டு இருக்கு. நான் டிக்கெட்டுப் போடுதேன்."

"வேணாந்தாயி. பெறகு வேல போயிரும்."

"வேல போவும். அதும் உண்மதான்." அவள் மழுப்பவில்லை. "கேஸு கீஸுன்னு மிரட்டுவாரு. பாஸ்போர்ட்டப் பூட்டி வச்சதுக்கு அவருதான் மொதல்ல பதில் சொல்லணும், அத நான் பாத்துக்கிடுதேன். ஆனா அந்தக் கட்டிய நான் நெறையப் பாத்திருக்கேன் அண்ணே. இனித் தள்ளப்பிடாது. கேட்டியளா?"

பஸ் வந்து நின்றது, அவன் ஏறிக்கொண்டான்.

விழா அபுதாபியில் ஒரு வாடகை அரங்கில் நடந்தது. கேம்பிலிருந்து பஸ்களில் அழைத்துவரப்பட்ட ஆட்கள் பேரவைச் சின்னம் போட்ட பனியன்களோடு பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வைத்துக் கல்யாணசுந்தரம் கோட்டுப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டதும் திருப்பித் தந்துரணும். தெரியுதா?"

"சரிங்கய்யா."

அட்டையின் பொன்னெழுத்து ஒருபுறம் உதிர்ந்திருந்தது. திறந்தான். உள்ளே மீசை சரியாக முளைக்காத ஒரு ஆள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உடையப்பனுக்கு அவனை அடையாளம் தெரிய ஒரு நொடி பிடித்தது. இவ்வளவு வருஷமாக இவனும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்திருக்கிறான்.

மேடையில் அருள்ராஜ் முகவுரையைப் படித்து எல்லோரையும் அழவைத்தார். தூதரும் அழுதார். பிறகு உடையப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் அன்பு மீட்புப் பிரிவைத் தட்டுத்தடுமாறி வாசித்தான். பின்வரிசையில் யாருக்கும் அது புரியவில்லை, அவனுக்கு மட்டும் வாசிக்க வாசிக்கப் புரிந்தது. பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான். கேமராக்கள் மின்னின. சாசனத்தில் கையெழுத்தும் போட்டான்.

போட்டுவிட்டு, தலைவர் நின்ற பக்கம் போகாமல் மற்றப் பக்கத்துப் படிகளில் இறங்கினான்.

கால்தான் முதலில் தீர்மானித்தது. அவன் அதன் பின்னால் போனான். நடுவழியில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் யாரோ சட்டையைப் பிடிப்பார்கள் என்று முதுகு கூசியது. பாத்ரூமுக்குப் போகிறான் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். மேடையில் கல்யாணசுந்தரம் மைக்கைப் பிடித்து, "இதோ நம் உழைப்பாளர் திலகம்…" என்று தொடங்கிக் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் திலகம் இல்லை. அரங்கைத் துழாவிய கண்கள் வாசல் பக்கம் போன அவனைப் பிடித்தன.

"டேய்! என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு எங்கடா போறே!"

மைக் நல்ல மைக். அந்த வார்த்தை அரங்கின் நான்கு மூலையிலும் போய் நின்றது. தூதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாருடைய பாஸ்போர்ட்?" என்று கேட்டதும் அதே மைக்கில் கேட்டது. பின்வரிசையில் ஒருவன் பக்கென்று சிரித்தான். கிளிட்டஸின் சிரிப்பு. அப்புறம் நாற்காலிகள் கரகரவென்று நகரும் சத்தம்.

உடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே ஆல்டோ என்கிற அற்புதராணியின் சித்தி மகன் டாக்சியை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். "ஏறும், ஏறும், யல்லா, சீக்கிரம்!" என்றான். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி படத்தையும் ஆளையும் ஒரு தடவை பார்த்தார். முத்திரையைக் குத்தி, "கலாஸ்" என்றார். ஆயிற்று என்று அர்த்தம். பேரவை ஒரு பருவம் முழுக்க விவாதித்த விஷயத்தை அந்த மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டே முடித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மதுரையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தபோது அற்புதராணி போன் பண்ணினாள். அன்று பின்வரிசை ஆட்கள் எழுந்து மேடைக்கே போய், "அப்ப எங்க பாஸ்போர்ட்டு?" என்று கேட்டார்களாம். வெள்ளிவிழா வரை பேசக் கூடாது என்று அருள்ராஜ் சாசனத்தைத் திறந்து காட்டினாராம். கிளிட்டஸும் சிலரும் மறுநாளே அவளோடு தொழிலாளர் துறைக்குப் போய்ப் புகார் கொடுத்து, தங்களுடையதை வாங்கிவிட்டார்கள். பயந்தவர்கள் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அருள்ராஜ் வீட்டுப் பெண்ணின் பாஸ்போர்ட் இன்னும் அலமாரியில்தான். பேரவை அவசரமாகக் கூடிச் சாசனத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்துவிட்டது: இனிமேல் தொழிலாளர் பிரதிநிதிக்கு ஜெராக்ஸ் போதும்.

"இன்னொண்ணு கேளுங்க அண்ணே. நீங்களும் அவனுவளும் போனதுல கணக்குக் கொறஞ்சு, கோலாலம்பூர்ல தலைவருக்க நாற்காலி போச்சு. உங்களக் கூப்பிடுவாரு. முழு ஆளா எண்ணிக்கிடுதோம், வந்திருன்னு சொல்லப்போறாரு."

அதற்குள், "நாகஜோதி அட்டெண்டர் யாருப்பா?" என்று குரல் வந்தது. உடையப்பன் பேச்சை முடித்துக்கொண்டு கதவருகே ஓடினான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நாகஜோதி பச்சைத் துணியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அவனைக் கண்டதும் கண்ணால் அதட்டினாள்: எங்கே நிற்கிறீர்கள், இங்கே வாருங்கள்.

கதவுக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஆள் கையை நீட்டினார். "உள்ள போகணும்னா பாஸ் வேணும். ஒரிஜினல் ஐடி குடுங்க. போறப்ப வாங்கிக்கலாம்."

உடையப்பனிடம் அன்றைக்கு இருந்த ஒரே ஐடி சட்டைப் பையில் இருந்தது. கை தானாக அதன்மேல் போய் மூடிக்கொண்டது.

"ஜெராக்ஸ் தரட்டுங்களா?"

"ஒரிஜினல் குடுத்தாத்தான் பாஸ். பத்திரமா இருக்கும்ங்க. நாங்க என்ன திங்கவா போறோம்?"

அப்போது அவன் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் 'முதலாளி' என்று வந்தது. உடையப்பன் அதைப் பார்த்தான். மேசை ஆளைப் பார்த்தான். அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே மேசைமேல் வைத்தான்.

"இத வச்சுக்கங்க. பாஸ்போர்ட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் மறுப்பதற்குள் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து, ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தான். நாகஜோதி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சக்கரங்கள் நகர்ந்தன. கதவு ஆடி ஆடி மூடுவதற்கு முன், பின்னால் மேசை ஆளின் குரல் கேட்டது.

"ஹலோ… அவரு தியேட்டர் பக்கம் போயிட்டாரு. நீங்க யாரு?… என்னது, ஸ்தாபகத் தந்தையா? தந்தைன்னா நல்லதாப் போச்சுங்க. பேஷண்டுக்கு ரத்தம் கேட்டிருக்காங்க, சொந்தக்காரங்கதான் குடுக்கணும். உடனே கெளம்பி வாங்க… ஹலோ? ஹலோ?"